மூன்று கிழமைக்குப் பிறகு ஒரு கேள்வி

1. வாங்க மறுத்த ரிக்கற்

புஷ்பம் இனி வேண்டாமென்று தன்னுடைய நூலக உறுப்பினர் ரிக்கற் மூன்றையும் என் மேசையில் வைத்தபோது, என் சேவைக்காலத்தில் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தேன். வாங்க மறுத்தேன்.

புதிதாக நூலகப் பணிக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வேலை செய்த தீவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் ஓய்வுபெற்ற பிறகும் யாராவது என்னிடம் விளக்கக் கடிதம் கேட்பார்கள். குறிகட்டுவான் துறையிலிருந்து படகேறி வர வேண்டிய இடம் என்பது போதும். ஒரு மண்டபம், ஏழு அலுமாரி, பத்திரிகை வாசிக்க ஒரு நீள மேசை, பதினான்கு கதிரை. அவற்றில் இரண்டு ஆடும்.

புஷ்பம் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு சமைப்பவர். கிழமைக்கு இரண்டு நாவலாவது எடுத்துப் போவார். என் பதிவில் அவரை விட அதிகம் வாசித்தவர் கிடையாது. அப்படிப்பட்டவர் ரிக்கற்றைத் திருப்பித் தந்தால் நூலகத்துக்கே அவமானம் என்று எனக்குப் பட்டது.

"ஏன் புஷ்பம்? கண்ணிலை ஏதும் வருத்தமோ?"

"கண் வடிவாத் தெரியுது அண்ணை. மண்டையிலைதான் ஒண்டும் நிக்குதில்லை. வாசிச்சு முடிச்சு நாலாம் நாள் என்ன கதை எண்டு கேட்டால் முழுசிக்கொண்டு நிக்கிறன்."

"எல்லாருக்கும் உதுதானே."

"எல்லாருக்கும் தங்கச்சி கனடாவிலை இல்லைத்தானே."

பிறகு விசயத்தைச் சொன்னார். தங்கை சந்திரா ஒவ்வொரு ஞாயிறும் ரெலிபோன் எடுப்பாள். சின்ன வயதிலிருந்து அக்காதான் அவளுக்குக் கதை சொல்வது. கடல் தாண்டிப் போன பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. அந்தக் கிழமை வாசித்ததைப் புஷ்பம் சொல்ல, அவள் அங்கே கேட்டுக்கொண்டிருப்பாள். கொஞ்சக் காலமாகப் புஷ்பம் நடுவில் நின்றுவிடுகிறார். "பிறகு?" என்று அவள் கேட்டால் பதில் வராது. இப்போது ஐந்து நிமிடத்தில் "சரியக்கா, உடுப்புத் தோய்க்கக் கிடக்கு" என்று வைத்துவிடுகிறாளாம்.

"எங்களுக்குள்ளை கதைக்க வேறை என்ன இருக்கு அண்ணை? அவளின்ரை சினோக் குளிரைப் பற்றி எனக்குத் தெரியாது. இஞ்சத்தை விலைவாசி அவளுக்குத் தெரியாது. கதை ஒண்டுதான் இருந்தது. சட்டியிலை இருந்தால்தானே அகப்பையிலை வரும்."

எனக்கும் அது உறைத்தது. அவருக்காக மட்டும் என்று சொன்னால் பொய். நானும் அப்படித்தான். ஊரார் என்னை நூலகத்தைக் கரைத்துக் குடித்தவர் என்று நினைத்திருந்தார்கள். உண்மையில் எந்தப் புத்தகம் எந்தத் தட்டில், என்ன நிற அட்டை என்பது மட்டுந்தான் எனக்குத் தெரியும்.

"பொங்கல் மட்டும் பொறும். அதுக்கிடையிலை ஒரு புத்தகத்தை உம்மடை மண்டையிலை நிக்க வைக்கிறன். ஏலாட்டில் ரிக்கற்றை வாங்கிறன்" என்றேன்.

எப்படி நிற்க வைப்பது என்று எனக்கு அப்போது துளியும் தெரியாது. வீரமாகச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். ரிக்கற் மூன்றையும் அவர் என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

2. நேர்ஸ் பிள்ளையின் பெட்டி

எங்கள் தீவு ஆஸ்பத்திரியில் வேலை செய்த நிரோஷினி என்ற தாதி, ஒரு சோதனைக்குப் படிக்க வாசிப்பு மேசைக்கு வருவார். ஒரு சப்பாத்துப் பெட்டியில் கடதாசித் துண்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணை மூடி முணுமுணுத்து, வேறு வேறு தட்டில் போடுவார். சீட்டு விளையாட்டு நூலகத்தில் தடை என்று சொல்லப் போனவன் நான்.

"விளையாட்டில்லை அண்ணை, மருந்துப் பேர். இண்டைக்குப் படிச்சால் நாளைக்கு ஒருக்காக் கேக்கிறது. சரியாச் சொன்னால் மூண்டு நாளாலை. பிறகு ஏழு நாள், இருபத்தொரு நாள், ரெண்டு மாதம். பிழையாச் சொன்னால் திரும்ப முதலாம் தட்டுக்கு."

"ஒரேயடியா இருந்து இருபது தரம் படிச்சால் என்ன?"

"அண்டைக்குத் தெரியும். அடுத்த கிழமை தெரியாது. மறக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னாலை கேக்கோணும். கஷ்டப்பட்டு இழுத்து எடுத்தால்தான் நிக்கும்."

அதை யோசித்துக்கொண்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். முன்னால் எங்கள் இரவல் தட்டு இருந்தது. கணினியில் இரவல் கொடுக்கும் இந்தக் காலத்தில் பலர் அதைக் கண்டிருக்க மாட்டீர்கள். எங்களிடமும் ஒரு கணினி இருந்தது. கடற்காற்றில் துருப்பிடித்து அது முதல் வருடமே படுத்துவிட்டது. ஆகவே பழைய முறைதான். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் அட்டை உண்டு. புத்தகம் வெளியே போகும்போது அந்த அட்டையை வாசகரின் ரிக்கற்றுக்குள் செருகி, திருப்பித் தர வேண்டிய திகதிக்குப் பின்னால் நீள மரத்தட்டில் அடுக்கி வைப்போம். அந்தத் திகதி வரும்போது அட்டை தானாக முன்னுக்கு வந்து நிற்கும்.

நிரோஷினியின் சப்பாத்துப் பெட்டி செய்கிற வேலையை இந்தத் தட்டு அறுபது வருடமாகச் செய்துகொண்டிருந்தது. ஞாபகத்தை இரவல் கொடுக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

வெற்று அட்டைகள் ஒரு கட்டு எடுத்தேன். நூலின் பெயர் என்ற இடத்தில் கேள்வியை எழுதினேன். வாசகர் பெயர் என்ற இடத்தில் புஷ்பம். திகதி முத்திரையைத் திருப்பி, அடுத்து எப்போது கேட்க வேண்டுமோ அந்தத் திகதியை அடித்து, தட்டில் அதன் இடத்தில் செருகினேன். எனக்கென்றும் சில அட்டைகள் போட்டுக்கொண்டேன். அந்த மாலை நான் மிகவும் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

3. பேர் நிற்குது, கதை நிற்கேல்லை

புஷ்பத்துக்குத் தேர்ந்தெடுத்த புத்தகத்துக்கு முன்பக்கமும் இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை. யாரோ எப்போதோ பச்சைத் துணியில் பைண்ட் பண்ணி அன்பளிப்பாகத் தந்தது. ஓர் உப்பளத்து மேற்பார்வையாளர், அவருடைய இரண்டு மகள்மார், அவர்களில் இளையவள் படிப்பிக்கும் வேலை கிடைத்துத் தோணியேறிப் போவது என்று போகும் கதை. கடையில் வாங்க முடியாது, வேறு பிரதி கிடையாது. தலையில் வைத்துக்கொள்வது ஒன்றே வழி.

அவர் வாசித்து முடித்துத் திருப்பித் தந்த மறுநாள் கேட்டேன். "தகப்பன்ரை பேர் என்ன?" சொன்னார். மூன்றாம் நாள் "வீட்டிலை எத்தினை மாடு?" சொன்னார். ஏழாம் நாள் உப்பளத்துக் காவற்காரனின் ஊர் கேட்டேன், அதையும் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஞாயிறு முடிந்து திங்கட்கிழமை வந்தார்.

"என்ன, கதை சொன்னனீரோ?"

"சொன்னனான். தகப்பன்ரை பேர் சொன்னன், மாட்டுக் கணக்குச் சொன்னன், காவற்காரன்ரை ஊரும் சொன்னன். அவள் 'அக்கா, என்ன, கணக்கெடுக்கிற கிராம சேவகர் வேலை ஏதும் கிடைச்சிட்டுதோ' எண்டு கேட்டவள்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

"பேர் எல்லாம் நிக்குது அண்ணை, கதை நிக்கேல்லை."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை ஒரு சமையற்காரியிடம் நான் கற்றுக்கொண்டேன்.

என் கண்ணைத் திறந்தது வாசிப்பு மேசைக்கு மேலே தொங்கிய படம். வள்ளங்களுக்குப் பெயர் எழுதும் ஒருவர் வரைந்து தந்தது. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றில், அலை தெறிக்க, ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும் ஒரு படகு. பதினொரு வருடம் அதன் கீழே இருந்திருக்கிறேன். ஒரு நாள் விளையாட்டாக அதற்கும் ஓர் அட்டை போட்டேன். படகில் எத்தனை பேர்? மறுநாள் அட்டை வந்தபோது படத்தைப் பார்க்காமல் ஒன்பது என்றேன். நிமிர்ந்து எண்ணினேன், பதின்மூன்று. பிழையாகச் சொன்னால் திரும்ப முதலாம் தட்டுக்கு என்பதால் அடுத்த நாளும் பார்க்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் வெள்ளைக் குடை பிடித்திருக்கும் ஆளைக் கண்டேன். அதற்கு ஓர் அட்டை. மூன்று நாள் கழித்துக் குடை காற்று வராத பக்கம் சரிந்திருப்பதைக் கண்டேன். ஓவியர் பிழை விட்டுவிட்டார் என்று ஒரு கிழமை நினைத்துத் திரிந்தேன். ஏழாம் நாள் பார்த்தபோது விளங்கியது. அந்த மனிதர் குடையைத் தனக்காகப் பிடிக்கவில்லை. பக்கத்திலிருக்கும் பெண்ணுக்காகப் பிடிக்கிறார். அவர் தோள் நனைந்து கறுத்திருந்தது.

பதினொரு வருடமாக நான் பார்க்காத தோள் அது. எனக்குக் கண் கலங்கியது, வெட்கமாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு எத்தனை, எங்கே, எப்போது என்று கேட்பதை விட்டேன். ஏன் என்று கேட்கத் தொடங்கினேன். புஷ்பத்தின் பழைய அட்டைகளைக் கிழித்துவிட்டு நாலே நாலு புதிய அட்டை எழுதினேன். அவற்றில் முக்கியமானது இது: தோணி புறப்பட்டபோது தகப்பன் ஏன் கரைக்கு வரவில்லை? புத்தகத்தில் அதற்கு நேரான பதில் இல்லை. முதல் தரம் கேட்டபோது "உப்பளத்திலை வேலை" என்றார். அடுத்த தரம் "கோவம்" என்றார். மூன்றாம் தரம் "யோசிக்கிறன்" என்று போய்விட்டார். அதை இருபத்தொரு நாள் தள்ளி முத்திரை குத்தி வைத்தேன்.

படத்தைப் பற்றிய அட்டைகளைப் பத்திரிகை வாசிக்க வருகிற எல்லோருடைய பெயரிலும் எழுதி வைத்தேன். ஒவ்வொருவரிடமும் முறைக்கு முறை கேட்கலாம் என்று ஆசை. அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. அது என் பிழை.

4. முப்பத்தாறு தபாலட்டை

மார்கழியில் வவுனியாவில் இருக்கும் என் மகளுக்குப் பிரசவம். மூன்று கிழமை லீவு போட்டேன். எனக்குப் பதிலாக, நூலகத்தை நடத்தும் பிரதேச சபைக் கந்தோரிலிருந்து செல்வரத்தினம் என்ற எழுதுவினைஞரை அனுப்பினார்கள். ஐம்பது வயது, படு நேர்மையானவர். இரவல் தட்டைப் பற்றியெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். அதற்குள் இருந்த மற்ற அட்டைகளைப் பற்றிச் சொல்ல மறந்துபோனேன். மறதிக்கு மருந்து கண்டுபிடித்தவன் மறந்த விசயம் அது.

திரும்பி வந்த திங்கட்கிழமை செல்வரத்தினம் வாசலிலேயே நின்றார்.

"அண்ணை, குறை நினைக்காதையுங்கோ, தவணை தப்பின ஓவர்டியூ எக்கச்சக்கமாக் கிடந்தது. நான் எல்லாருக்கும் நோட்டீஸ் அனுப்பிப்போட்டன். முப்பத்தாறு."

உள்ளே போய் இரவல் தட்டைப் பார்த்தேன். "என்னெண்டு எழுதினீர்?"

"அட்டையிலை இருந்த பேரைத்தான். தாங்கள் இரவல் பெற்ற இன்ன நூலை உடனடியாகத் திருப்பித் தரவும், எண்டு. உங்கடை புத்தகங்களின்ரை பேர்தான் அண்ணை, வாயுக்குள்ளை நுழையாது."

அவர் சொல்லி முடிக்கவில்லை, சவிரிமுத்து அண்ணர் வந்துவிட்டார். படகோட்டியாக இருந்து ஓய்ந்தவர். பத்திரிகை தவிர வேறெதையும் தொட்டதில்லை.

"தம்பி, 'வெள்ளைக் குடை ஆருக்காகப் பிடிச்சிருக்கு' எண்ட புத்தகத்தை நான் எடுத்ததாம். கர்த்தர் அறிய நான் எடுக்கேல்லை. மனிசி வீட்டிலை தலைகீழாத் தேடுறா."

விளக்கிச் சொன்னேன். அவர் நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "உது அவன்ரை மனிசி இல்லை. மனிசிக்கெண்டால் இவ்வளவு நனையமாட்டான்" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பதினொரு மணிக்குப் புஷ்பம் வந்தார். பள்ளிக்கூட விடுமுறை. கையில் தபாலட்டை.

"அண்ணை, நான் உங்களுக்கு என்ன செய்தனான்? தபால்காரன் ஒழுங்கை முழுக்க வாசிச்சுக்கொண்டு வந்திருக்கிறான். புஷ்பம் புத்தகம் களவெடுத்திட்டாள் எண்டு பக்கத்து வீட்டிலை கதை!"

"பிழை என்னிலைதான்..."

"'தோணி புறப்பட்டபோது தகப்பன் ஏன் கரைக்கு வரவில்லை'யைத் திருப்பித் தரட்டாம்! என்னெண்டு தாறது? அந்தாள் வந்திருந்தால் போகாதை பிள்ளை எண்டு வாய்விட்டுச் சொல்லியிருப்பார். அவளும் நிண்டிருப்பாள். அவளின்ரை வாழ்க்கை அதோடை போயிருக்கும். அதுக்குப் பயந்துதான் உப்பளத்திலை குனிஞ்ச தலை நிமிராமல் நிண்டவர். கோவமும் இல்லை, வேலையும் இல்லை. இது தெரியாமலே புத்தகம் வாசிக்கிறது?"

சவிரிமுத்து அண்ணர் பத்திரிகையைத் தாழ்த்திப் பார்த்தார். மூன்று கிழமையாக நான் அவரிடம் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. புத்தகம் அலுமாரியில் இருந்தது. யாரும் எடுத்துக் கொடுக்காமல் அது அவருக்குள்ளிருந்து முழுதாக வந்திருந்தது. அதை அவரும் அப்போதுதான் கண்டார். ஆடாத கதிரையாகப் பார்த்து உட்கார்ந்தார்.

"சந்திரா போகேக்கை வழியனுப்ப நானும் ஜெற்றிக்குப் போகேல்லை அண்ணை. காய்ச்சல் எண்டு சொல்லிப் படுத்திருந்தனான். காய்ச்சல் இல்லை."

சபைச் செயலாளருக்கு நான் எழுதிய விளக்கக் கடிதம் இரண்டு பக்கம். அவர் அதை வாசித்துவிட்டு, "இனிமேல் இரவல் தட்டில் புத்தக அட்டை தவிர வேறெதுவும் இருக்கக்கூடாது. கேள்விகளுக்குத் தனிப்பெட்டி வைக்கவும்" என்று ஓரத்தில் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினார். தடை என்று நினைத்துத்தான் எழுதியிருப்பார். எனக்கு அது அனுமதி.

5. ஒரு புதன்கிழமை

பொங்கலுக்கு முதல் நாள் புஷ்பம் ரிக்கற் மூன்றையும் கேட்டு வாங்கிப் போனார். அதற்கு முன் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த ஞாயிறு அவர் சந்திராவுக்கு அந்தக் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லியிருக்கிறார். எங்கும் நிற்கவில்லை. தோணி புறப்படும் இடம் வந்ததும், தகப்பன் ஏன் வரவில்லை என்பதையும் சொல்லியிருக்கிறார். அதோடு அந்தப் பக்கம் ரெலிபோன் வைக்கப்பட்டுவிட்டது. 'உடுப்புத் தோய்க்கக் கிடக்கு' என்றுகூட அவள் சொல்லவில்லை.

"உங்கடை கேள்வியாலை இருந்ததும் போச்சுது" என்றார் என்னிடம். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கூடுதலாக வலித்தது. நன்றாக இருந்த ஓர் உறவைக் கிளறிவிட்டேனோ என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டு திரிந்தேன்.

புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். புஷ்பம் அலுமாரிப் பக்கம் நின்றார். புத்தகம் எடுக்க வரவில்லை, சும்மா வந்தேன் என்றார். அவருடைய போன் அடித்தது. நூலகத்துக்குள் போன் அடித்தால் நான் என்ன செய்வேன் என்று தீவு முழுக்கத் தெரியும். அவர் பயந்துபோய் அணைக்கப் பார்த்தார். பெயரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எடும்" என்றேன்.

அந்தப் போனில் காதுக்குள் கேட்காது, லவுட்ஸ்பீக்கர் மட்டுந்தான் வேலை செய்யும். ஆகவே எல்லோரும் கேட்டோம்.

"அக்கா, இரா வேலை முடிஞ்சு பஸ்ஸுக்கு நிக்கிறன். சினோ கொட்டுது."

"புதன்கிழமை எடுத்திருக்கிறாய்! என்னடி, ஏதும் வருத்தமோ?"

"இல்லை. உன்னட்டை ஒண்டு கேக்கோணும். நான் வெளிக்கிட்ட அண்டைக்கு உனக்குக் காய்ச்சல்தானே?"

புஷ்பம் போனை வாய்க்குக் கிட்டப் பிடித்தார்.

"இல்லையடி."

"எனக்கு மூண்டு நாளா நித்திரை இல்லை. இவ்வளவு வருசமும் உனக்கு என்னிலை எரிச்சல், அதுதான் வரேல்லை எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

"விசரி. வந்திருந்தால் உன்னை விட்டிருக்கமாட்டன்."

இரண்டு பக்கமும் அழுகை. நாங்களும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. சவிரிமுத்து அண்ணர் பத்திரிகையை முகத்துக்கு மேலே உயர்த்திப் பிடித்திருந்தார். அது தலைகீழாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "சரி. பிறகு அந்தத் தகப்பன் என்ன செய்தவர்?"

புஷ்பம் என் பக்கம் திரும்பவில்லை, அலுமாரியையும் பார்க்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடங்கினார்.

"பிறகோ? அடுத்த நாள் தோணி வெறுமையாத் திரும்பி வந்தது. அந்தாள் கரைக்குப் போய், என்ரை பிள்ளை எந்தப் பலகையிலை இருந்தவள் எண்டு தோணிக்காரனைக் கேட்டவர். அவன் காட்டினவன். அதிலை ஏறி இருந்து, ஒரு தரம் அங்காலை போய்..."

அந்தப் பக்கம் பெரிய வாகனம் ஒன்று வந்து நிற்கிற சத்தம். கதவு திறக்கிற சத்தம்.

"பஸ் வந்திட்டுதே? போடி, போ, குளிருக்கை நிக்காதை" என்றார் புஷ்பம்.

"அது போகட்டும் அக்கா. அரை மணித்தியாலத்திலை அடுத்தது வரும். நீ சொல்லு."

நான் கற்றது இவ்வளவுதான். ஒரு புத்தகத்தைப் பற்றி வாசகரிடம் கேட்க வேண்டிய நாள், அவர் அதைத் திருப்பித் தரும் நாள் அல்ல. மூன்று கிழமை விட்டு, அவர் மறக்கப் போகிற நேரம் பார்த்துக் கேளுங்கள், ஏன் என்று கேளுங்கள். பதில் வந்தால் குறுக்கே பேசாமல், கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்து கேளுங்கள். அன்று நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கேட்டோம்.